சாமி பாத்தாச்சு, நகரணும்!

போன சனிக்கிழமை என் வாழ்க்கையிலேயே நீளமான நாலு நிமிஷத்தை ஒரு தியேட்டரில் கழித்தேன். படம்தான் இழுவை என்று நினைத்துவிடாதீர்கள். படத்தையே நான் பார்க்கவில்லை!

என் மகள் மீராவுக்கு மூன்றரை வயது. அதுவரை தியேட்டர் பார்த்ததில்லை. மனைவிக்கு அன்று ஆபீஸ். சரி, நாமே கூட்டிப்போவோம் என்று துணிந்துவிட்டேன். துணிந்தேன் என்பது பேச்சுக்குத்தான்... முதல் நாளே கவலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டேன். இருட்டைப் பார்த்து வீறிட்டால்? சத்தத்தில் மிரண்டால்? பக்கத்து சீட்காரர் முறைத்தால்?

ஆகவே, காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொண்டேன். மாற்று டிரஸ் இரண்டு. அழுதால் அள்ளிக்கொண்டு ஓட வசதியாக, நடைபாதையை ஒட்டிய ஓரத்து சீட் வேறு! என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினோம். காவிரிப் பாலம் வந்ததும் ஆரம்பித்தாள்.

“அங்க என்னப்பா இருக்கும்?”

“பெரிய திரை இருக்கும்.”

“கோயில்ல போடுவாங்களே, அதுவா?”

“அதே மாதிரிதான். கொஞ்சம் இருட்டா இருக்கும். கூட்டம் இருக்கும். திரை திறந்ததும் பாக்கலாம். பயப்படக் கூடாது, என்ன?”

“கோயில்ல நான் பயப்படவே மாட்டேனே!”

அப்பாடா என்றிருந்தது. நடக்கப் பழகியதே ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரத்தில். வாராவாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சன்னதிக்குள் வருகிறவள். இருட்டும் கூட்டமும் அவளுக்குப் புதுசா என்ன?

தியேட்டர் பழசு. ஏசி போட்டுப் புதுப்பித்தவர்கள், சிவப்பு வெல்வெட் திரையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். விளக்குகள் அணைந்தன. திரை மெல்ல விலகியது. மீரா சட்டென்று சீட்டின் மேல் ஏறி நின்றாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, “ரெங்கா! ரெங்கா!” என்று ஒரு கத்து!

பின்வரிசையில் சிரிப்பு. எனக்கும்தான். அவளை உட்காரவைத்துவிட்டு, காதிலிருந்து அவள் பிடுங்கி எறிந்த பஞ்சைத் தேடக் குனிந்தேன். எத்தனை நேரம் இருக்கும்? பத்து எண்ணுவதற்குள் நிமிர்ந்திருப்பேன். சீட் மடங்கியிருந்தது. ஆளைக் காணோம்.

சீட்டுக்கு அடியில் இல்லை. முன்வரிசையில் இல்லை. “மீரா! மீரா!” என்று கூப்பிடுகிறேன்... டைட்டிலுக்கே பறந்த விசிலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டேன்.

“யோவ், லைட்டை அணைய்யா!” என்றது ஒரு குரல்.

“குழந்தையைக் காணோம்ங்க...” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதட்டினவர் உடனே எழுந்து, தன் டார்ச்சையும் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகத் தேட ஆரம்பித்தார்.

கதவைத் தாண்டினால் படிக்கட்டு. படி இறங்கினால் வாசல். வாசலுக்கு வெளியே, நிற்காமல் சீறுகிற பஸ்கள். எந்த மடையன் ஓரத்து சீட் எடுத்தான்? வெளியே ஓடினேன்.

பாப்கார்ன் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பவ்யமாகத் தலையைக் குனிந்தபடி.

“உங்க பாப்பாவா சார்?” என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். “கையைக் குழிச்சு நீட்டுச்சு. பாவமா இருக்கேன்னு நாலு பாப்கார்ன் வெச்சேன். கண்ணுல ஒத்திக்கிட்டு சாப்பிட்டுச்சு. இப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டே நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியல சார்!”

எனக்குப் புரிந்தது. தீர்த்தம் ஆயிற்று... அடுத்தது, குனிந்த தலையில் சடாரி வைக்க வேண்டியதுதானே?

அள்ளி எடுத்து அணைத்துக்கொண்டேன். “ஏம்மா அப்பாவை விட்டுட்டு வந்த?”

“சாமி பாத்தாச்சுல்லப்பா. அங்கயே நின்னா பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும். நகரணும்ல?”

சொல்லிக்கொடுத்தது யார்? நானேதான். ஒவ்வொரு வாரமும், சன்னதியில், அவள் காதோடு.

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஊரே புலம்புகிறது. கேட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்கிறோமா? நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்துவிட்டு நிற்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே இன்னும் தேடிக்கொண்டிருந்த அந்த மனிதரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மீராவின் கன்னத்தைத் தட்டினார். அதற்கு மேல் உட்கார எனக்குத் தெம்பில்லை. படி இறங்கும்போது மனைவியிடமிருந்து போன்.

“என்னங்க, இருட்டுல ரொம்ப அழுதாளா?”

“அவ அழலை” என்றேன்.