சித்தப்பா வண்டிச் சத்தம்

அப்பா விட்டுப்போன காரின் பானெட்டைத் தூக்கியதும் அடித்த கருகிய ஆயில் வாடை, கோம்பையில் என்றோ இடித்துவிட்ட எங்கள் கார் ஷெட்டுக்கு, ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே அப்பா காரும் சித்தப்பா காரும் ஒரே ஜாடையில் ஒட்டி நின்ற அந்தத் தகரக் கூரை இருட்டுக்கு, என்னை இழுத்துப்போனது.

"ரேடியேட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் இந்த வண்டியோட வந்ததுதாண்ணே. இன்ஜின் மட்டும் வேற வண்டியோடது, நம்பர் ஒத்துவரல" என்றார் மெக்கானிக்.

அப்பாவிடம் சண்டை போட்டுக்கொண்டு சித்தப்பா காரோடு கேரளாவுக்குப் போய்விட்டதாகத்தான் வீட்டில் சொன்னார்கள். சில நாள் கழித்து, தொண்டை கமறுவதுபோல் வரும் அவர் வண்டிச் சத்தம் வாசலில் கேட்க, "சித்தப்பா வந்துட்டாக!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

"ஏலே, கத்தாத" என்று அம்மா என் வாயைப் பொத்தினாள்.

எங்கள் காரிலிருந்து அப்பா இறங்கினார்.