பாம்புக்காதுக்காரருக்குக் கேட்காத விசில்

என் வீட்டுக்காரருக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கும் பட்டறைக்கு வரும் மின்சார பில்லுக்கும் மட்டும்தான் தெரியும். டீசல் வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பும்போதே, "இன்ஜெக்டர் ஒண்ணு சண்டித்தனம் பண்ணுது" என்று முணுமுணுப்பார். டிரைவர் இறங்கி வாயைத் திறப்பதற்குள் இவர் கையில் ஸ்பேனர் இருக்கும். அதைப் பார்த்து வாயைப் பிளக்காத ஆள் கிடையாது. நான் பிளந்ததில்லை. அப்பேர்ப்பட்ட காதுக்கு வீட்டில் குக்கர் விசிலடிப்பது மட்டும் கேட்கவே கேட்காதே! வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிக்கொண்டவள் வேறு எப்படி நினைப்பாள்?

எங்களுடையது ஒரே ஷெட். முன்பாதியில் அவர் இன்ஜினைப் பிரிப்பார். பின்பாதியில் நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பேன். ரெக்சின் தைக்கிற மெஷின், ஓடினால் சுவரே அதிரும். அதனால் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. அவர் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினால் நான் மெஷினை நிறுத்திவிட வேண்டும். பேசக் கூடாது, தும்மக்கூடக் கூடாது. ஐயா இன்ஜினைக் கேட்கிறார் என்று அர்த்தம். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். தையல் பாதியில் நின்றால் எனக்கு எரிச்சலாக வரும். "இன்ஜின் என்ன ரகசியமா பேசுது?" என்று கேட்டால் அதற்கும் விரல்தான் பதில்.

இப்படி இருக்கும்போதுதான் ஐஸ்காரம்மா வந்தாள். ஐஸ் பாளங்களை ஃபேக்டரியிலிருந்து மீன் மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போகிற டீசல் பிக்கப் அவளுடையது. அவளேதான் ஓட்டுவாள், அவளேதான் பாளத்தை இறக்குவாள், கடப்பாரையால் அவளேதான் உடைத்தும் கொடுப்பாள். கை உரமேறிக் கிடக்கும்.

"அண்ணே, மேம்பாலம் ஏறும்போது டர்போ விசிலடிக்குது. வண்டி இழுக்கவும் மாட்டேங்குது. பின்னாடி ஒரே கரும்புகை."

டர்போ என்றால் இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற பாகம். இவர் பாலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்குரூ டிரைவரை ஊன்றினார், விரலைத் தூக்கினார், நான் மெஷினை நிறுத்தினேன். "டர்போ தங்கமா இருக்கு தங்கச்சி. ஏர் ஃபில்டர்தான் அடைச்சிருக்கு" என்று ஃபில்டரை மாற்றி அனுப்பினார். அவள் திரும்பி வந்தாள். டீசல் ஃபில்டரையும் மாற்றினார். மறுபடியும் வந்தாள், இந்த முறை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"பெரிய பட்டறையில டர்போவையே மாத்தணும்கிறாங்க. நீங்க சத்தமே இல்லைங்கறீங்க. நான் என்ன கனவா காண்றேன்?"

"பிரமைம்மா. ஒரு தடவ பயந்துட்டா எல்லாம் சத்தமாத்தான் கேக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வண்டியை நாள் முழுக்க ஓட்டுகிறவளைப் பார்த்துப் பிரமையாம்! "நானும் வரேன், எனக்குப் பிரமை இருக்கான்னு பாத்துடலாம்" என்று கத்தரியை வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். பின்னால் ஐஸ் லோடு. நடுவில் உட்கார்ந்த இவர், எங்கள் இரண்டு பேரையும் மன்னித்துவிட்டவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கியதும் அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். அப்பப்பா! காதுக்குள் ஊசி ஏற்றுகிற மாதிரி ஒரு விசில். நானும் ஐஸ்காரம்மாவும் ஒரே நேரத்தில் "இதோ!" என்றோம்.

"எது?" என்றார் இவர்.

அவர் நடிக்கவில்லை. அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு டேஷ்போர்டைப் பார்த்தார். விசில் இன்னும் போய்க்கொண்டேயிருந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

பட்டறைக்குத் திரும்பினோம். வந்ததும் என்னைக் கம்ப்ரஸர் பக்கம் கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டார்.

"நிஜமாவே கேட்டுச்சா?"

"செவிடனுக்கும் கேக்கும்ங்க" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

அவருக்குக் கோபம் வரவில்லை. "தடிச்ச சத்தமெல்லாம் கேக்குது. பேரிங் கேக்குது, இன்ஜெக்டர் கேக்குது. ஸ்குரூ டிரைவர் வழியா அதெல்லாம் எலும்புலயே வந்துடுது. அதனால காது முழுசா இருக்குன்னே நெனச்சுட்டேன்" என்றார். பிறகு பிக்கப்பைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குக் கேக்கலைங்கறதுக்காக ஒரு பொம்பளையப் பொய்க்காரி ஆக்கிட்டேன். இந்த விசில் எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம நான் இனிமே யார் வண்டியிலயும் கை வைக்க மாட்டேன். ஷட்டரை இறக்கிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிடறேன்."

சொன்னால் செய்கிற மனுஷன். எனக்குப் பகீரென்றது. இந்த ஷெட்டை விட்டால் அவர் மூச்சு விடக்கூட மறந்துவிடுவார்.

"கேக்காம எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"சத்தம் வருதுன்னா எங்கயோ உரசணும், இல்ல காத்து ஒழுகணும். உரசுனா கண்ணுல தெரியும். ஒழுகுனா கையில தெரியும். அதுக்குக் காது எதுக்கு?"

ஐஸ்காரம்மா தெரிந்தவர் வண்டியில் லோடை மாற்றி அனுப்பிவிட்டு வந்தாள். சூடு ஆறியதும் இவர் டர்போவின் வாய்க் குழாயைக் கழற்றினார். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரத்தை விரலால் சுற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. தண்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார், ஆட்டமில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார். இறகுகளில் கீறல் இல்லை, குழாயில் எண்ணெய் வழியவும் இல்லை. "டர்போ தங்கம்னு சொன்னது மட்டும் சரி" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை.

அப்படியானால் ஒழுக்குதான். டர்போ அழுத்தித் தள்ளுகிற காற்று பருத்த ரப்பர் ஹோஸ்களின் வழியாகச் சுற்றிக்கொண்டு இன்ஜினுக்குப் போகிறது. வழியில் எங்கோ தப்பிக்கிறது. இவர் ஒரு பிளாஸ்டிக் டப்பா மூடியில் டயர் வால்வைப் பொருத்தி, அதை டர்போ வாயில் இறுக்கிக் கட்டி, கம்ப்ரஸர் காற்றை அளவாக உள்ளே விட்டார். ஹோஸ் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினார். ஒழுகினால் குமிழி வர வேண்டும். எங்கேயும் வரவில்லை. ஹோஸை எல்லாம் துடைத்து மறுபடி தடவினார். ம்ஹூம். முழங்கை வரை சோப்பு நுரையோடு மண்டியிட்டு, வண்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணே. நான் டர்போவை மாத்திக்கறேன்" என்றாள் ஐஸ்காரம்மா. அவள் குரலில் கோபம் போய் இரக்கம் வந்திருந்தது. அது அவருக்குக் கோபத்தைவிட அதிகமாகச் சுட்டிருக்கும்.

"நல்ல டர்போவை மாத்த விடமாட்டேன்" என்று எழுந்தார். "நிக்கும்போது வரல, லோடோட ஏத்தம் ஏறும்போது மட்டும் வருது. ஏத்தத்துல வேற என்ன நடக்குது? இன்ஜின் முறுக்கிக்கிட்டு ஒரு பக்கமா சாயும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "தங்கச்சி, உன் கடப்பாரை வண்டியிலதானே இருக்கு?"

கடப்பாரை முனையில் மரத்துண்டை வைத்து இன்ஜினுக்கு அடியில் கொடுத்தார். "நான் சொல்லும்போது நெம்பு. ஐஸை ஒடைக்கிற மாதிரி இல்ல, மெதுவா." டாங்கில் இருக்கிற காற்றே போதும், சத்தம் வேண்டாமென்று கம்ப்ரஸர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். என்னைப் பானட் பக்கம் நிற்கவைத்தார். பிறகு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஈரக் கையை உள்ளே விட்டார்.

"நெம்பு."

இன்ஜின் சாய்ந்தது. என் காதில் ஊசி ஏறியது.

"வருது! வருதுங்க!"

"எந்தப் பக்கம்?"

"உங்க தலைப் பக்கம். இன்னும் கீழ. ஐயோ, அவ்வளவு கீழ இல்ல, கொஞ்சம் மேல!"

கை நகர்ந்தது, நின்றது. விசிலும் நின்றது. விரலால் அடைத்துவிட்டிருக்கிறார். விரலை எடுத்ததும் மறுபடி விசில். அவர் சிரிக்கிற சத்தம் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது.

"ஜில்லுன்னு அடிக்குது! பிடிச்சுட்டேன் தங்கச்சி உன் விசில!"

இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்ட் ஒரு பக்கம் நைந்துபோயிருந்தது. லோடு ஏறும்போது இன்ஜின் சாயும், சாய்ந்தால் ஹோஸ் இழுபடும், இழுபட்டால் அதை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்புக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு வெட்டு வாயைத் திறக்கும். சும்மா நிற்கும்போது அது சமர்த்தாக மூடிக்கொள்ளும். மவுண்டையும் ஹோஸையும் மாற்றிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் மறுபடி லோடோடு பாலம் ஏறினோம். வண்டி புகையில்லாமல் ஏறியது. இவர் ரோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இல்லீங்க. சுத்தமா இல்ல" என்றேன். என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது.

இறங்கியதும் அவரே ஐஸ்காரம்மாவிடம் சொன்னார். "பிரமை உனக்கில்ல தங்கச்சி. அந்தச் சத்தம் எனக்குக் கேக்காது. உன்னைக் கொற சொன்னது என் தப்பு."

"இதை யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்கண்ணே. பொழப்பு கெட்டுடும்" என்று அவள் பதறினாள்.

காது டாக்டரிடம் நான்தான் இழுத்துப்போனேன். கிரைண்டரும் சுத்தியலும் வருஷக்கணக்காக அரைத்ததில் விசில் மாதிரி கூர்மையான சத்தங்களெல்லாம் போய்விட்டன, திரும்பி வராது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். ஷட்டரை இறக்கப்போகிறாரோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். வீட்டில் குக்கரை வைத்தேன். விசில் அடித்ததும் நானே எழுந்துபோய் அணைத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல ஷட்டரைத் தூக்கினார். முதலில் வந்தது ஒரு வேன்காரர். வாய் ஓயாத மனுஷன்.

"பாம்புக்காதுன்னு சொன்னாங்க, அதான் நேரா உங்ககிட்ட வந்தேன். டர்போ பக்கம் கீச்சுகீச்சுன்னு ஒரு சத்தம். என்னன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

அதைக் காதில் வாங்காதவள்போல நான் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். இவர் பானட்டைத் திறந்தார், இன்ஜினை ஓடவிட்டார், வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினார். கை பழக்கத்தில் நான் மெஷினை நிறுத்தினேன். வேன்காரர் பேசிக்கொண்டேயிருந்தார். தூக்கிய விரலை இவர் அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் பேசாம இருங்க" என்றார். "எங்க வீட்டம்மா கேக்கணும்."

பிறகு ஸ்குரூ டிரைவரை ஓரமாக வைத்துவிட்டு, எனக்காக வழிவிட்டு நின்றார்.