ருக்மணியக்காவின் முந்நூறு படங்கள்

பேரிகை ஊரிலிருந்து வேலைக்கு வரும் ருக்மணியக்காவுக்கு வாய் அதிகம். ஓசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனியில், வண்டி பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் இருவர் வேலையும். ஒரு பாகத்தைக் கேமரா முப்பது படம் எடுக்கும். ஒவ்வொன்றிலும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் இருக்கும். முப்பதையும் கம்ப்யூட்டர் ஒன்றாகச் சேர்த்தால், இடம் மாறி மாறி விழும் புள்ளிகள் மறைந்து, இருந்த இடத்திலேயே இருப்பது மட்டும் தெளியும். நடுவில் பாகம் நகர்ந்தால் போச்சு, படம் கலங்கிவிடும். பாகங்கள் வரும் பெல்ட்டை ஓட்டும் வெங்கட்டை அக்கா ஒரு நாள் விடாமல் வறுத்தெடுப்பாள்.

"கலங்கியிருந்தா அசைஞ்சிருக்குன்னு அர்த்தம். என்கிட்ட கதை விடாத."

மார்கழியில், முதல் ஷிப்டுக்கு நடந்து வந்த அவள் கணவர் மணிவேலை ஒரு கார் அடித்துப்போட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து அக்கா யாரையும் திட்டவில்லை. வருவாள், பட்டனை அழுத்துவாள், போவாள். வலியே தெரியாமல் உடனே உயிர் போய்விட்டது என்று எல்லோரும் அவளிடம் சொன்னார்கள். நானும் சொன்னேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சோறு தின்றாள்.

அவர் அடிபட்ட இடத்துக்கு எதிரே இருந்த லாரி எடைமேடைக் கேமராவில் கார் பதிவாகியிருந்தது. ஆனால் பனி இருட்டில் நம்பர் முழுக்கப் புள்ளி. தெரியவில்லை என்று ஸ்டேஷனில் கையை விரித்துவிட்டார்கள். அடித்தபின் பன்னிரண்டு நொடி நின்றுவிட்டுத்தான் கார் கிளம்பியிருந்தது. நின்ற கார்தானே, நம் பாகங்களைப்போல் படங்களைச் சேர்த்தால் நம்பர் தெளியுமே என்று யோசனை சொன்னவள் நான். சும்மா இருந்திருக்கலாம்.

எடைமேடையில் கேட்டு வாங்கிய வீடியோவிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில், அந்தப் பன்னிரண்டு நொடியின் முந்நூறு படங்களையும் வெங்கட் சேர்த்துக் கொடுத்தான். கர்நாடகா நம்பர், எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா நம்பரைப் பார்க்கவே இல்லை. காருக்கு முன்னால் மணிவேல் கிடந்தார். சட்டைக் கோடு, செருப்பு, டிபன் பை எல்லாம் துல்லியமாக இருந்தன. வலது கை மட்டும் கலங்கியிருந்தது.

படத்தில் ஏதோ கோளாறு என்றேன். வெங்கட் தலையைக் குனிந்துகொண்டான்.

"அசைஞ்சிருக்கு, அருணா," என்றாள் அக்கா. பெல்ட்டைப் பார்த்துச் சொல்லும் அதே குரல். "இவருக்கு உசுரு இருந்திருக்கு. அவன் பாத்துக்கிட்டே நின்னிருக்கான்."

நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு டிபனைத் திறக்காமலே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள்.