உப்பை வெளியே தள்ளாத செல்கள்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலைக்கு ரத்த மாதிரி எடுக்கப் போன முதல் நாளே தேசப்பனைப் பார்த்தேன். ஆரம்பாக்கத்துக்காரர், இரும்பு உருக்கும் ஃபர்னஸில் வேலை. பி.பி. மெஷின் காட்டிய எண்ணை நம்பாமல் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்போதும் இருநூறைத் தாண்டியது.

"தலைவலி இருக்கா?"

"இன்னா மேடம், அந்த அனல்ல யாருக்குத்தான் தலைவலி இல்ல?" என்று சிரித்தார்.

எங்கள் லேபின் ஆய்வு, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் சிவப்பணுச் சவ்வைப் பற்றியது. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு பெரும்பாலும் கொழுப்பு. அதில் பதிந்த பம்ப், உள்ளே புகும் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். சிலருக்குச் சவ்வின் கொழுப்பு மாறி, பம்ப் மந்தமாகி, உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. ரத்தக் குழாயின் செல்களிலும் இப்படி நடந்தால் குழாய் இறுகும் என்பார் எங்கள் டாக்டர். தேசப்பனின் செல்களைக் கழுவி, உடைத்து, சுடரின் நிறத்தை வைத்து உப்பைக் கணக்கிடும் ஃப்ளேம் போட்டோமீட்டரில் அளந்தேன். அந்த ஆலையில் எடுத்த மாதிரிகளிலேயே அவருடையதில்தான் சோடியம் அதிகம்.

டாக்டர் மாத்திரை கொடுத்து, அவரை ஃபர்னஸிலிருந்து வேறு வேலைக்கு மாற்றச் சொன்னார்.

"வேற எடம் இல்ல சார். அன்ஃபிட்டுன்னா கான்ட்ராக்டர் ஆளையே மாத்திடுவாரு," என்றார் சூப்பர்வைசர். பக்கத்தில் நின்ற தேசப்பன் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஃபர்னஸுக்குத் திரும்பினார்.

அடுத்த முறை போனபோது மாத்திரையை நிறுத்தியிருந்தார். "போட்டா கண்ணு இருட்டிக்கினு வருது மேடம். இரும்பு ஊத்தசொல்ல விழுந்துட்டா இன்னா ஆவறது?"

டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஒரு பகல் ஷிஃப்டில் தேசப்பன் சரிந்து விழுந்தார். பக்கவாதம்; வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கன்னியம்மா கேட்டார்: "அவரு ரத்தத்துல இன்னாம்மா தெரிஞ்சுது?"

சொன்னேன்.

"தெரிஞ்சுக்கினு இன்னா பண்ணீங்கோ?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். கட்டிலில் கிடந்த தேசப்பன், நான் ரத்தம் எடுக்க வந்திருப்பதாக நினைத்து, அசைகிற இடது கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நடந்த முகாமில் ஃபர்னஸ் ஆட்களில் ஒருவராகத் தேசப்பனின் மகனும் நின்றார். அவர் செல்களிலும் உப்பு அதிகம்.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: கருவி சரியாக அளக்கும். ஆனால் ஓர் ஆளைக்கூட அந்த அனலிலிருந்து நகர்த்த அதற்குத் தெரியாது. என்னாலும் முடியவில்லை.