லோசா எடுத்துவிட்ட குரல்

இதை எழுதுகிறவன் லோசாவை முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு தள்ளுவண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தெற்கு ஆக்லாந்தில், மருத்துவமனைத் துணிகளை வெளுக்கிற கூடம் அது. கல்லூரி இல்லாத நாட்களில் அவனுக்கு அங்கே போர்வை மடிக்கிற வேலை. நாற்பதை நெருங்கும் ஒரு சமோவாக்காரி காலி வண்டியை இரண்டடி தள்ளுவதும் இரண்டடி இழுப்பதுமாக இருந்தாள். கோணல் சக்கரம் கீச்சிட்டது. பாடகனுக்கு மைக் பிடிப்பதுபோல அந்தச் சக்கரத்துக்குக் கைப்பேசியைப் பிடித்திருந்தாள்.

“என்னக்கா, சக்கரம் மக்கர் பண்ணுதா?”

“அட, போச்சு! நல்லா வந்துட்டு இருந்துச்சு, நடுவுல நீ வந்து விழுந்துட்ட. எண்ணெய் கிண்ணெய் விட்டே, கைய ஒடச்சிருவேன்.”

மறுவாரம் சாப்பாட்டு நேரத்தில் ஹெட்போனை அவன் தலையில் கவிழ்த்தாள். சக்கரத்தின் கீச்சொலி அதில் ஒரு பறவையாகியிருந்தது. போர்வை அழுத்தும் இயந்திரத்தின் ‘டப்’பும் நீராவியின் ‘ஷ்ஷ்’ஷும் மத்தளமாகியிருந்தன. தாளம் நொண்டியது, இதோ விழப்போகிறது என்று பயந்த இடத்தில் விழாமல் நின்றது. படித்தவன் என்ற மிதப்போடு அந்தக் கூடத்துக்குள் நுழைந்தவன், அன்று சோற்றைத் தொடாமல் நாலு தடவை கேட்டான்.

லோசாவுக்கு இசைப் படிப்பு கிடையாது. விடியற்காலை ஐந்து மணிக்கு வேலை, பிற்பகல் இரண்டு மணிக்கு மாங்கெரேயில் தன் வீட்டு கேரேஜ். அங்கே ஒரு பழைய மடிக்கணினி, தட்டினால் ஒலிக்கும் பதினாறு ரப்பர் கட்டைகள் கொண்ட ஒரு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ராப் பாடுகிறவர்கள் மேலே பாடிக்கொள்ள வேண்டிய தாள இசையை, அதாவது பீட்டுகளை, அதில்தான் செய்தாள். எல்லாரும் செய்வதுபோல அல்ல. பேருந்துக் கதவு, சட்டியில் தேங்காய்ப்பால் கொதிப்பது, தேவாலயத்தில் யாரோ தும்முவது என்று காதில் விழுந்ததையெல்லாம் அறுத்துத் தைத்தாள். “இதுக்கு மேல எப்படி அக்கா பாடறது, கால் வைக்கவே எடமில்லையே” என்று பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். மிச்சப்பேர் அவளைத் தவிர யாரிடமும் போகமாட்டார்கள்.

அவன் அங்கே சேர்வதற்கு முன்பிருந்தே எட்டு வருடம் இப்படிப் போன பிறகு, வெலிங்டனில் ஒரு சிறிய இசை நிறுவனம் அவள் பெயரிலேயே ஒரு தொகுப்பு வெளியிட முன்வந்தது. எட்டுப் பாட்டு. உறை முழுக்க அவள் பெயர். ஒரே நிபந்தனை: ஒரு பாட்டிலாவது மக்களுக்குத் தெரிந்த குரல் ஒன்று இருக்கவேண்டும்.

லோசாவின் சித்தப்பா மகன் தோமா விமான நிலையப் பேருந்து ஓட்டுகிறவன். ஊரில் பாடுகிற அத்தனை பேரையும் அவனுக்குத் தெரியும். அவனிடம் பன்னிரண்டு பீட்டுகளை ஒரே கட்டாக அனுப்பினாள். அந்த உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பெயர் சொல்லாமல் அனுப்பிய கட்டு கைமாறிப் போகும், எந்த பீட்டுக்கு எவன் முதலில் வரி எழுதுகிறானோ அது அவனுக்கு. ‘இன்னாருக்குத் தராதே’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கவேண்டும். போடவில்லை. பத்தாவது நாள் ஏழாவது பீட் திரும்பி வந்தது. அதன்மேல் லெமெகியின் குரல்.

லெமெகியை ஆக்லாந்தில் தெரியாதவர் இல்லை. நன்றாகப் பாடுவான் என்பதற்காக ஒரு காலத்தில். மலியாவின் தாடையை உடைத்தவன் என்பதற்காக இப்போது. அவனோடு நான்கு வருடம் வாழ்ந்தவள் மலியா. ஆறு வாரம் தாடையைக் கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். அந்த ஆறு வாரமும் தேவாலயப் பாடகர் குழுவில் வாய் திறக்காமல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடம் லோசாவுடையது. லெமெகி பதினோரு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும், அவள் பொய் சொல்கிறாள் என்று ஒரு பாட்டு வெளியிட்டான். அதன் பிறகு மேடைகள் அவனை ஒதுக்கின.

இப்போது அனுப்பியிருந்த பதினாறு வரியில் அந்தப் பொய்யை அவனே உடைத்திருந்தான். சாக்கு இல்லை, சுற்றிவளைப்பு இல்லை. ‘கை என்னுடையது, கதவைப் பூட்டியதும் நான்’ என்று தொடங்கினான். லோசா ஒரு பிற்பகல் முழுக்க அதையே கேட்டாள். தன் நொண்டித் தாளத்தில் இத்தனை இலகுவாக நடந்தவன் வேறு யாரும் இல்லை என்பதுதான் அவளை வதைத்தது. வெலிங்டன்காரர்களுக்கு தோமா முந்திக்கொண்டு அனுப்பிவிட்டான். ‘இதுதான், இதுதான்’ என்று அங்கிருந்து பதில் வந்தது.

“சிஸ், நீ அவனக் கல்யாணமா பண்ணிக்கப் போற?” என்றான் தோமா. “பாட்டு வேற, ஆள் வேற.”

“அவன் ஆளைப் பத்தித்தானே பாடியிருக்கான். எப்படிடா வேறயாகும்?”

“ஜெயிலுக்குப் போனான், அனுபவிச்சான். இன்னும் எத்தன வருஷம் ஒருத்தன நிக்க வைப்பீங்க?”

“தெரியல. அந்தக் கணக்கு என்கிட்ட இல்ல.”

“அப்போ விடு. எட்டு வருஷம் சலவத் தண்ணி மோந்து பாத்துட்டுக் கெடந்த. இப்ப வண்டி வாசல்ல நிக்குது, ஏறு.”

லெமெகியை நேரில் வரச்சொன்னாள். பொரித்த கோழிப் பொட்டலத்தோடு வந்தான், செருப்பை வெளியே கழற்றிப்போட்டான், நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். வெறுப்பதற்கு ஒத்துழைக்காத பணிவு.

“வீடியோவுக்கு ஒரு யோசனை வச்சிருக்கேன் சிஸ். கடைசி வரியில நான் மண்டி போட்டிருக்கேன். மேல எங்க அப்பாவோட பெரிய பாய். இஃபோகா. இந்தப் பாட்டே என்னோட இஃபோகாதான்.”

லோசா கோழியை மெல்வதை நிறுத்தினாள். “யார் வீட்டு முன்னாடி?”

“என்ன?”

“மண்டி போடறியே, யார் வீட்டு முன்னாடி?”

“கடற்கரையில எடுக்கலாம்னு… வெளிச்சம் நல்லா விழும்.”

இஃபோகா என்றால் தீங்கு செய்தவனும் அவன் ஆட்களும் பாதிக்கப்பட்ட வீட்டு வாசலில் வந்து, பரம்பரைப் பாயைப் போர்த்திக்கொண்டு உட்காருவது. ஆக்லாந்தில் பிறந்த பிள்ளைக்குக்கூட அது தெரியும். தெரிந்தும் இவன் கடற்கரை என்கிறான்.

“அந்தத் தெருப்பக்கமே நான் போகக்கூடாதுன்னு கோர்ட்டு உத்தரவு, சிஸ்.”

“நீ போகவேணாம். உங்க அப்பா போகலாம், பெரியப்பா போகலாம்.”

“கேட்டேன். உன்னால தலை குனிஞ்சது போதும்னுட்டாங்க.”

அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கியது. அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

“பாய்க்குள்ள இருக்கறவன் பேசமாட்டான், லெமெகி. வெளிய என்ன நடக்குதுன்னே அவனுக்குத் தெரியாது. கல்லு விழுமா, கை விழுமா தெரியாது. அந்த வீட்டு ஆள் வந்து பாயத் தூக்கினாத்தான் வெளிச்சம். உன் பாட்டுல நீயே போத்திக்கற, நீயே பேசற, நீயே தூக்கிட்டு எந்திரிக்கற.”

அவன் தரையைப் பார்த்தபடியே கேட்டான்: “அப்போ நான் எங்கதான் பேசறது?”

லோசா பொட்டலத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் போனபின் பொட்டலத்தில் கோழி ஆறிக் கிடந்தது.

முடிவெடுக்குமுன் பீட்டை ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். அது பல ஒலித் தடங்களை அடுக்கிச் செய்தது. எல்லாவற்றுக்கும் அடியில், நிலத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் உறுமல் ஓடும். அதுதான் அந்த பீட்டின் உயிர். ஒரு வியாழக்கிழமை ஒத்திகையில் பாடகர் குழு பாடியதைத் தன் இடத்திலிருந்தே கைப்பேசியில் பிடித்து, நாலு மடங்கு மெதுவாக்கிச் செய்தது. மெதுவாக்கியதை இப்போது பழைய வேகத்துக்கே திருப்பினாள். பெண்களின் குரல்கள் மேலே ஏறிவந்தன. கைப்பேசிக்கு மிக அருகில், மற்றவர்களைவிடத் தெளிவாக, ஒரு கீழ்க்குரல்.

மலியா.

லெமெகி பதினாறு வரியும் மன்னிப்புக் கேட்டது அவள் தொண்டைமேல் நின்றுகொண்டு. அவனுக்கு அது தெரியாது. நிற்கவைத்தது லோசா. தும்மலையும் கதவையும் எடுப்பதுபோல ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து, பன்னிரண்டில் ஒன்றாகக் கட்டி, ஊருக்கு அனுப்பியவள் அவள்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் மலியாவைத் தேடி அவள் வேலைசெய்யும் நாற்றுப்பண்ணைக்குப் போனாள். மலியா தொட்டிகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு விஷயம்,” என்றாள் லோசா.

“உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மொதல்ல கெட்டதச் சொல்லு.”

“ரெண்டுமே கெட்டதுதான்டி.”

எல்லாவற்றையும் சொன்னாள். மலியா ஒரு தொட்டியை நிரப்பி, அடுத்ததை எடுத்து, அதையும் நிரப்பினாள்.

“இப்ப என்கிட்ட என்ன கேக்கற? அவன வச்சுக்கவா வேணாமான்னா?”

“நீ வேணாம்னா இந்த நிமிஷமே—”

“பாத்தியா!” மண்வாரியைப் போட்டாள். “நான் சரின்னா, மலியாவே மன்னிச்சுட்டான்னு பேசுவாங்க. வேணாம்னா, ஒருத்தன் திருந்த விடமாட்டேங்கறா பாருன்னு பேசுவாங்க. ரெண்டு பழியும் எனக்கு, பாட்டு மட்டும் உனக்கா?”

“நான் அப்படி நெனச்சு வரல.”

“நெனைக்காமதான் வந்திருக்க. அவன் விஷயம் உன் தலைவலி, உன் பாட்டு. நீயே முடிவு பண்ணு. பண்ணிட்டு வா, அப்புறம் என் குரலப் பத்திக் கேளு. அதுக்கு முன்னாடி கேட்டே, தொட்டியத் தூக்கி அடிப்பேன்.”

கேரேஜுக்குத் திரும்பி முதல் வேலையாகப் பாடகர் குழுவின் தடத்தை நீக்கிப் பார்த்தாள். வேறொரு உறுமலை வைத்தாள். லெமெகியின் வரிகள் அப்போதும் அழகாகவே நின்றன. அதாவது, மலியாவின் குரலைக் காரணம் காட்டித் தப்பவும் முடியாது. அவனை வைத்துக்கொள்ள லோசாவுக்கு விருப்பமா இல்லையா என்பது மட்டும்தான் மிச்சம்.

முழுதாக ஒருமுறை கேட்டாள். பதிமூன்றாவது வரியில் தன் தாளம் ஒரு நொடி நின்று, அவன் குரல் தனியே தொங்குகிற இடத்தில், அவள் கண்ணே கலங்கியது. அங்கேதான் பிடிபட்டது. கேட்கிற எல்லாரும் இந்த இடத்தில் கலங்குவார்கள். கலங்கியதும் அவனை மன்னித்துவிட்டதாக நினைப்பார்கள். மன்னிக்க அவர்கள் யார்? அவர்களைக் கலங்கவைக்கிற அந்த ஒரு நொடியைச் செய்தவள் அவள். அவன் பேசட்டும், அவனுக்கு வெளிச்சம் பிடிக்கிற வேலை தனக்கு வேண்டாம்.

லெமெகியைத் தொலைபேசியில் அழைத்தாள். கடிதம் எழுதி ஒளிந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“உன் வரி உன்னுது, எடுத்துக்கோ. நல்ல வரி. வேற யாராவது கண்டிப்பா பீட் தருவாங்க. நான் தரல, அவ்வளவுதான். பாய மட்டும் கடற்கரைக்குக் கொண்டுபோகாத.”

“நீ என்ன பெரிய புனிதையா, சிஸ்?”

“இல்ல. கேக்காம ஒருத்தி குரல எடுத்தவதான் நானும்.”

யார் குரல் என்று அவன் கேட்கவில்லை. வைத்துவிட்டான்.

லெமெகி இல்லை என்று சொல்லியனுப்பியதும் வெலிங்டனிலிருந்து மரியாதையாக இரண்டு வரி வந்தது: இந்த வருடத் திட்டத்தில் இடமில்லை. அடுத்த வருடம் என்றும் ஒன்று உண்டு என்பதை அவர்களும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தோமா இரண்டு ஞாயிறு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாவது ஞாயிறு, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை வாசனைக்கு அவன் கோபம் தாக்குப்பிடிக்கவில்லை. தட்டோடு வந்து உட்கார்ந்து, “உன் அளவுக்கு முட்டாள் நம்ம வம்சத்துலயே கெடையாது” என்றான். “இன்னும் ரெண்டு கரண்டி போடு.”

மலியா தானாகவே கேரேஜுக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஏழாவது பீட்டை முழுக்கக் கேட்டாள். லெமெகி இல்லாத ஏழாவது பீட்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

லோசா அந்தத் தடத்தை மட்டும் போட்டுக்காட்டினாள்.

“ஐயோ, சுருதி எறங்கிக் கெடக்கே!”

“அதுக்காகத்தான் எடுத்தேன்.”

“பாவி.” இன்னொரு முறை போடச் சொன்னாள். தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு கேட்டாள். “இருக்கட்டும், வச்சுக்கோ. ஆனா நடுவுல ஒண்ணுமே இல்லாம இவ்வளவு நீளம் ஏன் போகுது? தூக்கம் வருது. பாதியா நறுக்கு.”

பாதியாக நறுக்கினாள். மலியா சொன்னது சரி.

அடுத்த குளிர்காலத்தில் தொகுப்பைத் தானே இணையத்தில் ஏற்றினாள். மெல்பர்னில் ஒரு சிறிய வானொலி அதை வாராவாரம் போட்டது. மற்றபடி பெரிய ஆரவாரம் இல்லை. லெமெகியின் பதினாறு வரி வேறொருவரின் பீட்டில் வந்து பல மடங்கு பேரைச் சேர்ந்தது. பாய் எதுவும் அதில் இல்லை. அவன் அப்பாவும் பெரியப்பாவும் மலியா வீட்டு வாசலுக்குப் போனார்களா என்பது லோசாவுக்குத் தெரியாது, மலியாவிடம் கேட்டதும் இல்லை. தோமா அந்தப் பாட்டைப் பேருந்தில் போட்டுக்காட்டினான். லோசா கடைசிவரை கேட்டாள். “வரி இன்னும் நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “பீட்தான் சோம்பேறி.”

பட்டம் வாங்கி, புத்தகங்களில் கலையும் அறமும் பற்றி எத்தனையோ பக்கம் புரட்டிய, இதை எழுதுகிறவனுக்கு, ‘நான் தரல, அவ்வளவுதான்’ என்று ஒளிந்துகொள்ளாமல் சொன்ன இந்தப் பெண்ணை மிஞ்சி ஒன்றும் அகப்படவில்லை.

லோசாவுக்கு இப்போது நாற்பத்தொன்று. சலவைக்கூடத்தில் காலை அணிக்கு மேற்பார்வையாளர். பாடகர் குழுவில் குரல் பதிவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கிறாள். இருவர் முடியாது என்றார்கள், அவர்களைத் தள்ளி உட்காரவைத்துப் பதிகிறாள். இரண்டாவது தொகுப்பில் ஐந்து பாட்டு முடிந்திருக்கிறது. மாங்கெரேயில் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.