அளப்பு அண்ணனின் உள்ளங்கை

அளப்பு அண்ணனுக்கு லிப்ட் பழுது பார்க்கும் வேலை. நடுவழியில் லிப்ட் நின்று ஆள் சிக்கிக்கொண்டால், உள்ளே இருப்பவர் பதறாமலிருக்க வெளியிலிருந்தே ஒரு கதையை எடுத்துவிடுவார். கை ஸ்பேனரில், வாய் கதையில். ஒருமுறை கதவு திறந்த பிறகும் ஒரு பெரியவர் வெளியே வராமல், "அப்புறம் அந்த ஓநாய்க்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாராம். இதையும் அண்ணன்தான் சொன்னார், ஆகவே பாதி நம்பலாம். பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டுச் சாமான் கடையின் பின்னறையில் எங்களுக்கு அளப்பார். நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் வில்லாளி, நர்ஸ் அக்கா மந்திரக்காரி, வேன் டிரைவர் மல்லன், நான் திருடன். வீட்டின் முதல் பட்டதாரி வாரம் தவறாமல் திருடப் போவது என் அப்பாவுக்குத் தெரியாது. எதிரே என்ன இருக்கிறது என்று அண்ணன் சொல்ல, என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்லிப் பகடையை உருட்டுவோம். பலித்ததா இல்லையா என்பது பகடையின் கையில்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. திகில் கட்டம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டே போய், "அப்போ பாத்தா..." என்று நிறுத்தி, உள்ளங்கையால் மேஜையில் ஓங்கி அடிப்பார். பகடைகளோடு நர்ஸ் அக்காவும் துள்ளுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கடைக்காரர் மர மேஜையை ஓரங்கட்டிவிட்டு ஒரு தொடுதிரை மேஜையை இறக்கினார். மேற்பரப்பு முழுக்கத் திரை. பாதாளக் கோட்டையின் வரைபடம் அதில் ஒளிரும். நாங்கள் இன்னும் போகாத அறைகளை இருட்டு மூடியிருக்கும். கதை சொல்பவர் விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் தெரியும். "நீதானப்பா படிச்ச புள்ள, பழகிக்கோ" என்று என் தலையில் கட்டினார்கள். ஒரே மாலையில் பழகிவிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பழகினேன்.

அந்த மேஜையின் முதல் ஆட்டத்தன்றுதான் அண்ணி வந்தார். தையற்கடை வைத்திருப்பவர், அளந்துதான் பேசுவார். வாசலிலேயே நிபந்தனை போட்டார்.

"பாக்கறேன். உருப்படியா ஏதாவது இருந்தா சரி. இல்லன்னா அடுத்த வாரத்துல இருந்து ஞாயித்துக்கிழமை வீட்டோட. ஒட்டடை அடிக்கலாம், பரண் ஏறலாம். நீங்கதான் உயரத்துல வேலை பாக்கறவராச்சே."

"நல்லாத்தாம்மா இருக்கும், உக்காரு" என்றார் அண்ணன்.

பக்கத்தில் மனைவி, எதிரில் புது மேஜை. முதலில் குரலே எழும்பவில்லை. மல்லன் கோட்டைக் கதவை உடைத்த பிறகுதான் சூடு பிடித்தது.

"மூச்சு விடாதீங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ உரசுது. நகமா, சங்கிலியா, தெரியல. கையில இருந்த பந்தம் அணையுது. அப்போ பாத்தா..."

அண்ணி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அதை அண்ணனும் பார்த்துவிட்டார். அந்த உற்சாகத்தில் கை ஓங்கியது.

"அண்ணா, மேஜை!" என்று நான் கத்துவதற்குள் அடி விழுந்துவிட்டது.

ஐந்து விரலும் ஒன்றாகப் பட்டால் மொத்த இருட்டும் விலகிவிடும். விலகியது. பல வாரம் ஆட வேண்டிய கோட்டை பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. புதையல் இங்கே, பூதம் அங்கே, பொறிகளுக்குச் சிவப்பு வட்டம் வேறு.

"போச்சு போ. பூதம் முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கு. பின்னால போய் ஒரு போடு போட்டா ஆட்டம் க்ளோஸ்" என்றார் டிரைவர்.

"இதுக்குத்தான் வாரா வாரம் சட்டைய அயர்ன் பண்ணிட்டு வர்றீங்களா?" என்றார் அண்ணி.

நான் அவசரமாக இருட்டைத் திரும்ப மூடினேன். பார்த்த கண்களை என்ன செய்வது? அண்ணன் தன் உள்ளங்கையை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். எழுந்தவர் நின்றார்.

"ஏங்க, பூதம் இருந்த ரூமுக்குக் கதவே இல்லையே? அத்தாம்பெரிய உடம்பு உள்ள எப்படிப் போச்சு?"

அந்த இடத்து இருட்டை மட்டும் விலக்கிப் பார்த்தோம். நிஜந்தான். நாலு பக்கமும் சுவர். படம் வரைந்தவர் மறந்திருக்க வேண்டும்.

அண்ணன் நிமிர்ந்தார். குரல் மெல்ல இறங்கியது.

"கதவு எதுக்கு? நீங்க பாக்கறது ஒரு மாடியத்தான். அது ரூமே இல்ல, குழி. மேல இருந்து அடிவரைக்கும் போகுது. பூதம் உக்காந்திருக்கறது தரையில இல்ல, கயித்துல தொங்கற பலகையில. எந்த மாடியில யார் நடந்தாலும் கயிறு அசையும். அசைஞ்சா அது வரும்."

"எத்தனை மாடி?" என்றார் கடைக்காரர், ரகசியமாக.

"எண்ணப் போனவங்க திரும்பி வரல."

"கயித்த அறுத்துட்டா?" கேட்டது அண்ணி. பை இன்னும் தோளில்தான். ஆள் மட்டும் உட்கார்ந்தாகிவிட்டது.

"நீதான் ஆட்டத்துலயே இல்லையேம்மா."

"இப்ப இருக்கேன். என்கிட்ட கத்திரிக்கோல் இருக்கு. பகடையக் குடுங்க."

உருட்டினார். இரண்டு விழுந்தது. கயிறு பாதிதான் அறுந்தது. பூதம் கண் திறந்தது. "அப்போ பாத்தா..." என்று அண்ணன் கையை ஓங்க, ஐந்து பேரும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தோம்.

அடுத்த ஞாயிறு அண்ணிதான் முதலில் வந்திருந்தார். தானே தைத்த தடிமனான மெத்தை ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அண்ணன் மடியில் வைத்தார்.

"இனிமே இங்க அடிங்க."

அண்ணன் அடித்துப் பார்த்தார். பொத்தென்றது. "பயமே வரலியேம்மா."

"வர்ற மாதிரி சொல்லுங்க. இல்லன்னா பரண் அப்படியேதான் இருக்கு."