மூக்கர் சொல்லும்வரை சுவிட்ச் போடக்கூடாது

அந்தச் சலவைக்கூடத்தில் மூக்கர் என்றால்தான் அவரைத் தெரியும். அப்படியொன்றும் பெரிய மூக்கில்லை. சொல்லப்போனால் சப்பை மூக்கு. ஆனால் இருபத்தோரு வருடமாகக் காலையில் முதல் ஆளாக உள்ளே போய், துணி உலர்த்தும் ஒவ்வொரு மெஷினுக்குப் பின்னாலும் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, அவர் "போடலாம்" என்று சொன்ன பிறகுதான் அங்கே லைட் சுவிட்சைக்கூடத் தொடுவார்கள். மெஷின்கள் காஸில் ஓடுபவை. காஸ் கசிந்து நிற்கிற அறையில் சுவிட்சிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், கூரையே மிஞ்சாது. யாருக்கும் வாடை தட்டாத மயிரிழைக் கசிவு ஒன்றை ஒருமுறை அவர் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

அந்த மூக்கு போன மாதக் காய்ச்சலோடு போய்விட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, பாத்திரம் கரியாகித் தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவிதான் வாடை பிடித்து ஓடிவந்தாள்.

"உங்களுக்குத் தெரியவே இல்லையா?"

"ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"அதுவரைக்கும்? வேலை செய்ற எடத்துல சொல்லிடுங்க."

"சொன்னா வேற ஆளப் போட்டுட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அம்பத்தாறு வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"வேலை போனா தேடிக்கலாம். அங்க யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

பதில் இல்லாதபோது பல புருஷன்மார் செய்வதையே அவரும் செய்தார்: சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆனால் ஆள் மனசாட்சி இல்லாதவர் இல்லை. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் ஒரு பிரஷும் எடுத்துப்போய், குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். கசிவு இருந்தால் குமிழி விடும். மூன்று வாரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ராத்திரித் தூக்கம் போய் ஆளே பாதியானார். மூக்கருக்கு வயசாக ஆகக் கவனம் கூடுகிறது என்று கூடத்தில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். நல்ல கூத்து.

அந்தத் திங்கட்கிழமை காலை, கூடம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடைத்துக் கிடந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் அவர் வழக்கம்போலப் பின்பக்கம் போனார். வாசலை ஒட்டிய சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் அவர் தங்கை வீட்டுக்காரன் நின்றான், மெஷின் ஓட்டுகிறவன். இஸ்திரி போடும் அக்கா வாசற்படியில் நின்றாள்.

எந்த இணைப்பிலும் குமிழி இல்லை. அவர் எழுந்திருக்கப் போனபோதுதான் தரையைக் கவனித்தார். மூன்றாவது மெஷினின் கால், தரையில் பதிந்திருந்த பழைய தடத்தைவிட்டு நாலு விரல் தள்ளி நின்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரை கழுவ நகர்த்தியிருக்கிறார்கள். அதன் ரப்பர் குழாய் விறைத்து இழுபட்டு, இரும்புத் தகட்டுக்கு அடியில் இருந்த பள்ளத்துக்குள் இறங்கியது. அங்கே பிரஷ் போகாது. மூக்குதான் போகும்.

குனிந்து நெஞ்சு நிறைய இழுத்தார். ஒன்றுமில்லை. சுத்தமான வெறும் காற்று, கடந்த மூன்று வாரமாக உலகம் முழுக்க அவருக்கு இருந்ததைப் போலவே.

"என்ன மச்சான், இன்னைக்கு இவ்ளோ நேரம்? போட்டுடட்டா?"

வேண்டாம் என்று சொன்னால், என்ன வாடை, எங்கே வாடை என்று கேட்பார்கள். "போடலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை தப்பிக்கும். அவன் கை சுவிட்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. தங்கையின் முகம் கண்முன் வந்தது.

"கைய எடு மாப்ள."

"ஏன், வாடை வருதா?"

"எனக்குத் தெரியல. மூணு வாரமா எந்த வாசனையும் எனக்குத் தெரியல. எதையும் தொடாத. உன் மூக்குக்கு என்ன தெரியுதுன்னு சொல்லு."

அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். இஸ்திரி அக்காதான் மெதுவாகச் சொன்னாள்: "வாசல்லயே வருதுண்ணே. நீங்க உள்ளதானே இருக்கீங்கன்னு நான் பேசாம நின்னேன்."

வெளியே இருந்த மெயின் வால்வை மூடினார்கள். கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, எல்லோரும் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள். காஸ்காரர் வந்து தகட்டைத் தூக்கிப் பார்த்தபோது குழாய் அதன் விளிம்பில் உரசி ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. மேனேஜர் மூக்கரிடம், "நாளைக்கு ஆபீஸுக்கு வாங்க, பேசுவோம்" என்றார். அது என்ன பேச்சு என்று அவருக்குத் தெரியும்.

தங்கை வீட்டுக்காரன் நடைபாதையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். அவன் திட்டவில்லை.

"சனிக்கிழமை காலையிலயே லேசா வந்துச்சு மச்சான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் வந்துச்சு, அக்காவுக்கும் வந்துச்சு. நீங்க போடலாம்னீங்க. நம்ம மூக்குதான் சரியில்லபோலன்னு நெனச்சுப் போட்டேன்."

மூக்கர் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க, விம்மி விம்மி அழுதார்.